கிளவுட் மெசேஜ் கியூக்களுக்குத் தானியங்கிக் கட்டுப்பாடு: வேலூர்ப் பக்கத்து டீம்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று நம் பக்கத்தில் நாலைந்து பேர் கொண்ட சின்ன ஐ.டி. டீம்கள் நிறைய. லேப் ரிப்போர்ட், ஷூ ஆர்டர், கழிவுநீர் மீட்டர் என எதை எடுத்தாலும் நடுவில் ஒரு மெசேஜ் கியூ, அதாவது மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தகவல்கள் காத்திருக்கும் வரிசை, ஓடிக்கொண்டிருக்கும். கியூவை உருவாக்க எல்லோருக்கும் தெரிகிறது. அதற்கு விதி போட்டு, அந்த விதியை ஆள் பார்க்காமலே நடக்க வைப்பதில்தான் தடுமாற்றம். என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் அமேசான் கிளவுட் பற்றித்தான். அஸூர், கூகுள் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

மெசேஜிங் என்றால் எஸ்.எம்.எஸ்., வாட்ஸ்அப் சமாசாரமா?

இல்லை. ஒரு மென்பொருள் இன்னொன்றுக்குச் சொல்லி அனுப்பும் தகவல். அமேசானில் எஸ்.க்யூ.எஸ். என்பது கியூ: ஒரு பக்கம் போடுவார்கள், மறு பக்கம் எடுத்து வேலையை முடித்துவிட்டு அழிப்பார்கள். எஸ்.என்.எஸ். என்பது டாபிக்: ஒருமுறை போட்டால் சந்தா வைத்திருக்கும் எல்லோருக்கும் போகும். எஸ்.என்.எஸ். வழியாக செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பவும் முடியும் என்பதால்தான் இந்தக் குழப்பம். அப்படி அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டி.எல்.டி. (எஸ்.எம்.எஸ். அனுப்புவோரைப் பதிவு செய்யும் தளம்) பதிவும் டெம்ப்ளேட் அனுமதியும் தனியாக வேண்டும். அது வேறு வேலை, இங்கே பேசப்போவதில்லை.

விதிகளை ஒரு ஃபைலில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டோம். அது போதாதா?

போதாது. இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையே இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. இன்றும் நாடு முழுக்க அதை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் இதே பகுதியின் இதே பிரச்சினைக்காக 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. தீர்ப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், குழாய் வாயில் மீட்டர் இருந்து, அந்த மீட்டரை யாராவது பார்த்தால்தான் பாலாற்றுக்கு நல்லது.

கியூவுக்கும் அதேதான். புதிதாகச் சேர்ந்த பையன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்துக்கு ஒரு கியூவை உருவாக்கும்போது உங்கள் ஃபைலைத் திறந்து பார்க்கமாட்டான். அந்த நேரத்தில் அவனைத் தடுக்கவோ எச்சரிக்கவோ ஒரு ஏற்பாடு இருக்க வேண்டும்.

என்னென்ன வகைக் கட்டுப்பாடு இருக்கிறது? அமேசானின் அக்கவுண்ட் நிர்வாகக் கருவியான கன்ட்ரோல் டவரில் மூன்று பெயர் வருகிறதே.

தடுப்பது, முன்கூட்டியே சோதிப்பது, நடந்ததைக் கண்டுபிடிப்பது. இந்த மூன்றுதான்.

தடுப்பது சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசியின் வேலை. அட்மினாகவே இருந்தாலும் "மும்பை, ஹைதராபாத் தவிர வேறு ரீஜனில் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதி) கியூ உருவாக்கக் கூடாது" என்றால் கூடாது. முன்கூட்டியே சோதிப்பது கிளவுட்ஃபார்மேஷன் (எழுதி வைத்த டெம்ப்ளேட்டைப் பார்த்து கியூ முதலியவற்றை உருவாக்கும் சேவை) ஹூக். டெம்ப்ளேட்டில் டெட் லெட்டர் கியூ (தோற்றுப்போன மெசேஜ்கள் போய்ச் சேரும் கியூ) இல்லை, என்க்ரிப்ஷன் (தகவலைச் சாவி போட்டுப் பூட்டுவது) இல்லை என்றால் கியூ உருவாகும் முன்பே நிறுத்திவிடும். கண்டுபிடிப்பது அமேசான் கான்ஃபிக் ரூல். கியூ உருவான பின்னால், அல்லது மாற்றிய பின்னால், "இது விதிக்கு ஒத்துவரவில்லை" என்று குறித்து வைக்கும்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. யாராவது கன்சோலில் (அமேசானின் நிர்வாக வலைப்பக்கத்தில்) போய்க் கையாலேயே கியூவை உருவாக்கினால் ஹூக் அதைப் பார்க்காது. ஹூக் போட்டுவிட்டோம் என்று கான்ஃபிக் ரூலை அணைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் வேலைக்கு ஆகும்.

"சார், எங்ககிட்ட இருக்கிறது ஒரே அக்கவுண்ட். சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி போடலாமா?"

போடலாம், பலன் இருக்காது. அந்த பாலிசி நிறுவனத்தின் தலைமை அக்கவுண்டைக் கட்டுப்படுத்தாது. ஒரே அக்கவுண்ட் வைத்திருந்தால் அதுவேதான் தலைமை. முதலில் ஆர்கனைசேஷனை (பல அக்கவுண்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் ஏற்பாடு) திறந்து, இன்னொரு அக்கவுண்ட் உருவாக்கி, உண்மையான வேலைகளை அங்கே மாற்றுங்கள். தலைமை அக்கவுண்டில் பில்லும் பாலிசியும் மட்டும் இருக்கட்டும். அக்கவுண்டுக்கென்று தனிக் கட்டணம் இல்லை. சின்ன கம்பெனிக்கு இது தேவையா என்று கேட்டால், பெரிதான பிறகு பிரிப்பதுதான் உண்மையிலேயே கஷ்டம்.

ரீஜன் தடை போடும்போது ஐ.ஏ.எம். (பயனர் அனுமதி), ரூட் 53 (டொமைன் பெயர்), கிளவுட்ஃப்ரண்ட் (உள்ளடக்க விநியோகம்) மாதிரி உலகப் பொதுச் சேவைகளுக்கு விலக்கு எழுத மறக்காதீர்கள். எழுதாவிட்டால் மறுநாள் காலையில் புதிய பயனரைச் சேர்க்கும் வேலைகூட நின்றுபோகும்.

எந்த விதியை முதலில் போட வேண்டும்?

எல்லோரும் என்க்ரிப்ஷனில் ஆரம்பிக்கிறார்கள். நான் மூன்றாவதாகத்தான் சொல்வேன்.

முதலில், யார் படிக்கலாம் என்பது. ஒவ்வொரு கியூவுக்கும் ஒரு பாலிசி ஒட்டியிருக்கும். அதில் பிரின்சிபல் (யாருக்கு அனுமதி) என்ற இடத்தில் வெறும் நட்சத்திரக் குறி மட்டும் இருந்து, கீழே நிபந்தனையும் இல்லையென்றால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் அந்தக் கியூவில் மெசேஜ் போடலாம். படிக்கவும் அனுமதி கொடுத்திருந்தால் எடுத்துப் படிக்கலாம். இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரி நிரல்களில் இந்த நட்சத்திரம் சாதாரணமாக இருக்கும். எஸ்.என்.எஸ். டாபிக்கிலிருந்து கியூவுக்கு மெசேஜ் வர வேண்டும் என்பதற்காக எழுதியிருப்பார்கள்; "இந்த டாபிக்கிலிருந்து வந்தால் மட்டும்" என்ற நிபந்தனை வரியும் கூடவே இருக்கும். நகலெடுக்கும்போது அந்த வரி விட்டுப்போய்விடும். உங்கள் ரூல் நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல் நிபந்தனையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல கியூவையும் கெட்ட கியூவையும் ஒரே மாதிரி சிவப்பாகக் காட்டும், ரெண்டு வாரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். புதிதாக எழுதுவதானால் பிரின்சிபலில் எஸ்.என்.எஸ். சேவையின் பெயரையே கொடுத்து, டாபிக் நிபந்தனையும் போடுவது சுத்தமான வழி.

இரண்டாவது, டெட் லெட்டர் கியூ. அதற்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன். மூன்றாவதுதான் என்க்ரிப்ஷன். அப்புறம் ஓனர் டேக் (கியூவோடு ஒட்டும் பெயர்ச்சீட்டு): எந்தக் கியூ யாருடையது என்று தெரியாவிட்டால், ரூல் அனுப்பும் எச்சரிக்கையை யாருக்கு அனுப்புவது?

டெட் லெட்டர் கியூவில் என்ன இருக்கிறது, இவ்வளவு அழுத்திச் சொல்ல?

நோயாளிகளின் விவரம் இருக்கிறது. வேலூருக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வருகிறார்கள். காந்தி ரோட்டு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார்கள். "ரிப்போர்ட் தயார்" என்று ஒரு லேப் அனுப்பும் மெசேஜை எடுத்துப் பாருங்கள்: பெயர், வயது, செல் நம்பர், என்ன டெஸ்ட், சில இடங்களில் ரிசல்ட்டே கூட. வங்கதேச நம்பரில் பத்து இலக்கத்துக்கு மேல் இருக்கிறதென்று நம் சோதனை நிரல் அதைத் தள்ளிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மெசேஜ் மறுபடி மறுபடி முயன்று தோற்று, கடைசியில் டெட் லெட்டர் கியூவுக்குப் போகும். அங்கே யாரும் பார்ப்பதில்லை. லாட்ஜில் இருப்பவருக்கு ரிப்போர்ட் தயாரான சேதி போகவில்லை; அவருடைய விவரமோ அக்கவுண்டுக்குள் நுழைய முடிந்த எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் கிடக்கிறது. ஒரே தவறில் சேவையும் போச்சு, அந்தரங்கமும் போச்சு.

அதனால் விதி வெறுமனே "டெட் லெட்டர் கியூ இருக்க வேண்டும்" என்பதோடு நிற்கக் கூடாது. மூன்று விஷயம் சோதியுங்கள்.

காலம்: எஸ்.க்யூ.எஸ். ஒரு மெசேஜை வைத்திருக்கும் இயல்பான காலம் 4 நாள், அதிகபட்சம் 14 நாள். சாதாரணக் கியூவில் மெசேஜ் டெட் லெட்டருக்கு மாறும்போது அதன் வயது புதிதாகத் தொடங்குவதில்லை, முதலில் போட்ட நேரத்திலிருந்தே எண்ணிக்கை ஓடும். மூலக் கியூவில் 3 நாள் கிடந்துவிட்டு வந்தது என்றால், 4 நாள் வைத்திருக்கும் டெட் லெட்டர் கியூவில் அதற்கு மிச்சம் ஒரே நாள். திங்கட்கிழமை நீங்கள் வந்து பார்க்கும்போது இருக்காது. டெட் லெட்டரின் காலம் மூலக் கியூவைவிடக் கூடுதலாக இருக்கிறதா என்று ரூலே பார்க்கட்டும்.

அலாரம்: டெட் லெட்டர் கியூவில் "அனுப்பப்பட்ட மெசேஜ் எண்ணிக்கை" என்ற அளவையில் அலாரம் வைக்காதீர்கள். தோற்றுப்போய் வந்து சேரும் மெசேஜ்களை அது எண்ணாது, அலாரம் அடிக்கவே அடிக்காது. "கண்ணுக்குத் தெரியும் மெசேஜ் எண்ணிக்கை" என்ற அளவைதான் சரி.

நகல்: 14 நாளில் அழிந்துவிடுமே என்று பயந்து, டெட் லெட்டர் மெசேஜ்களை அமேசானின் கோப்புச் சேமிப்பான எஸ்3-யில் கொட்டி வைக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. கியூ தானாக அழித்துக்கொண்டிருந்த விவரம் இப்போது என்றைக்கும் அழியாது. எஸ்3 பக்கெட்டில் காலாவதி விதி இருக்கிறதா என்பதும் கியூவின் கட்டுப்பாட்டில் சேர்த்திதான்.

என்க்ரிப்ஷன் இப்போது தானாகவே இருக்கிறதாமே? பின் எதற்கு ரூல்?

2022 அக்டோபரிலிருந்து எஸ்.க்யூ.எஸ்.ஸில் உருவாகும் புதிய கியூக்களுக்கு அமேசானே வைத்திருக்கும் சாவியால் என்க்ரிப்ஷன் இயல்பாகவே இருக்கிறது, காசும் கிடையாது. அதற்கு முன் உருவான கியூக்களைப் பார்க்கத்தான் ரூல். நம் சொந்தச் சாவி வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் கே.எம்.எஸ். (சாவிகளை நிர்வகிக்கும் சேவை) போக வேண்டும்.

அங்கேதான் எல்லோரும் விழும் பள்ளம் இருக்கிறது. கே.எம்.எஸ்.ஸில் அமேசானே உருவாக்கித் தரும் எஸ்.க்யூ.எஸ். சாவியைத் தேர்ந்தெடுத்தால், அந்தச் சாவியின் பாலிசியை நம்மால் மாற்ற முடியாது. எஸ்.என்.எஸ்.ஸுக்கு அந்தச் சாவியைப் பயன்படுத்த அனுமதி இருக்காது. எனவே டாபிக்கிலிருந்து கியூவுக்கு மெசேஜ் வருவது நின்றுவிடும். கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சின் அலாரம் எஸ்.என்.எஸ். டாபிக்குக்குப் போகும் வழியிலும் இதே கதை: டாபிக்கை அமேசானின் எஸ்.என்.எஸ். சாவியால் பூட்டினால் அலாரம் சத்தமே போடாது. பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு எச்சரிக்கை மணியையே அடைத்துவிடுகிறது. நாமே உருவாக்கிய சாவியை வைத்து, அதன் பாலிசியில் அந்தந்தச் சேவைக்கு அனுமதி கொடுத்தால்தான் சரியாகும். ரூல் எழுதும்போது "என்க்ரிப்ஷன் உண்டா" என்று மட்டும் கேட்காமல், "எஸ்.என்.எஸ். சந்தா உள்ள கியூவில் எந்தச் சாவி" என்றும் கேளுங்கள்.

அப்படியானால் தவறைக் கண்டதும் தானாகத் திருத்தும்படி வைக்கலாமா?

சிலவற்றுக்கு மட்டும். டேக் இல்லை, போடலாம். நிபந்தனையில்லாத நட்சத்திரம், அந்த அனுமதி வரியை நீக்கலாம். ஆனால் உடனே ஓனருக்குச் சேதி போக வேண்டும். கே.எம்.எஸ். என்க்ரிப்ஷனை மட்டும் எந்தக் காரணம்கொண்டும் தானாகத் திருத்தவிடாதீர்கள். காரணம் மேலே சொன்னதுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் நல்லெண்ணத்தோடு பூட்டைப் போடும், காலை ஷிப்ட் ஆர்டர்கள் எதுவும் வந்து சேராது.

தடுக்கும் பாலிசிக்கும் இதே நிதானம் வேண்டும். முதலில் கான்ஃபிக் ரூலை மட்டும் ஒரு மாதம் ஓடவிட்டு, எத்தனை கியூ விதியை மீறுகிறது என்று கணக்கெடுங்கள். டீமோடு உட்கார்ந்து சரிசெய்யுங்கள். எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் பக்கம் வந்ததும் தடையைப் போடுங்கள். முதல் நாளே தடை போட்ட இடங்களில் பத்தாம் நாள் எல்லோருக்கும் விதிவிலக்கு கொடுத்திருப்பார்கள்.

விதிவிலக்கு கேட்டால் கொடுக்கக் கூடாதா?

கொடுங்கள். காரணம், ஓனர் பெயர், முடியும் தேதி மூன்றையும் டேக்கிலேயே எழுதி, தேதி தாண்டியதும் ரூல் மறுபடி சிவப்பாகும்படி வையுங்கள். தேதியில்லாத விதிவிலக்கைக் கொடுக்கவே கூடாது.

எங்கள் ஆட்களுக்குத் தடை போட்டாயிற்று. வெளியாள் நம் கியூவுக்குள் வந்தால்?

நல்ல கேள்வி. சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி நம் நிறுவனத்து அடையாளங்களைத்தான் கட்டும். வெளி அக்கவுண்ட்காரர் நம் கியூவைத் தொட்டால் அது ஒன்றும் செய்யாது. அதற்காகவே 2024 நவம்பரில் ரிசோர்ஸ் கன்ட்ரோல் பாலிசி வந்தது. முதலில் ஆதரித்த ஐந்து சேவைகளில் எஸ்.க்யூ.எஸ்.ஸும் ஒன்று. "நம் ஆர்கனைசேஷனைச் சேராத யாரும் எந்தக் கியூவையும் தொடக் கூடாது" என்று ஒரே இடத்தில் எழுதிவிடலாம். தனித்தனிக் கியூ பாலிசியில் யார் என்ன நட்சத்திரம் போட்டிருந்தாலும் செல்லாது. அமேசானின் சொந்தச் சேவைகளுக்கு விலக்கு எழுதுவது அவசியம், இல்லாவிட்டால் எஸ்.என்.எஸ். வழியே அடைபடும். தலைமை அக்கவுண்டுக்கு இதுவும் பொருந்தாது.

இந்தியச் சட்டம் என்ன கேட்கிறது?

கியூ என்ற சொல் எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் இரண்டு கடமைகள் நேராக வந்து தொடுகின்றன.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவு: பட்டியலிட்ட சைபர் சம்பவங்களை, தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். யார் என்ன செய்தார்கள் என்று பதிவு செய்யும் கிளவுட்டிரெயிலில் எதையும் அமைக்காமலே கிடைக்கும் வரலாறு 90 நாள்தான். பாதிக் காலத்துக்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது. ஒரு டிரெயில் உருவாக்கி எஸ்3-யில் சேமிக்க வேண்டும். டிரெயிலை அணைக்க முடியாதபடி தடை பாலிசியும் போடுங்கள். இன்னொன்று: கியூவை உருவாக்கியது, மாற்றியது எல்லாம் டிரெயிலில் இயல்பாக வரும். யார் மெசேஜைப் படித்தார்கள் என்பது வராது. அதற்கு டேட்டா ஈவெண்ட் பதிவைத் தனியாக இயக்க வேண்டும். நோயாளி விவரம் ஓடும் கியூக்களுக்காவது இயக்குங்கள்.

அடுத்தது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். நோக்கம் முடிந்த தரவை அழிக்க வேண்டும் என்பதும் இதில் உண்டு. மேலே சொன்ன எஸ்3 நகல் இங்கேதான் மாட்டும். அபராதத்துக்குப் பயந்து மட்டும் செய்யச் சொல்லவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து நம்மை நம்பி நம்பர் கொடுத்தவருடைய விவரம் அது.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்கிறோம். வெளிநாட்டு பையர் பாதுகாப்புக் கேள்வித்தாள் அனுப்பியிருக்கிறார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாமா?

அனுப்பலாம், ஆனால் அது எடுத்த நிமிடத்துக்கு மட்டுமே சாட்சி. கான்ஃபிக்கில் ஒவ்வொரு கியூவுக்கும் காலவரிசை இருக்கும்: எந்தத் தேதியில் எப்படி இருந்தது, யார் மாற்றினார்கள், எப்போது விதிக்குள் திரும்பியது. அதைக் கொடுங்கள். நடுவில் நாலு நாள் சிவப்பாக இருந்தால் மறைக்க வேண்டாம். எப்படிக் கண்டுபிடித்து எப்படித் திருத்தினீர்கள் என்பதுதான் ஆடிட்டருக்கு நம்பிக்கை தரும்.

நாங்கள் அஸூர், இன்னொரு டீம் கூகுள். இதே யோசனை ஓடுமா?

யோசனை அதேதான், கருவி வேறு. அஸூர் பாலிசியில் ஆடிட் என்றால் குறித்து வைக்கும், டினை என்றால் தடுக்கும். டினை ஏற்கெனவே இருப்பதை அழிக்காது, விதிமீறல் என்று காட்டும், அவ்வளவே. அஸூரின் கியூ சேவையான சர்வீஸ் பஸ்ஸில் நேம்ஸ்பேஸ் (கியூக்களை உள்ளடக்கும் தொகுப்பு) உருவானதும் கூடவே ஒரு தலைமைச் சாவியும் உருவாகிறது: அனுப்ப, படிக்க, நிர்வகிக்க மூன்றுக்கும் அது ஒன்றே போதும். அந்தச் சாவியை நிரலில் ஒட்டி, நிரலை கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) ஏற்றிவிடுவார்கள். லோக்கல் ஆதெண்டிகேஷனை (சாவியை மட்டும் காட்டி நுழைவதை) அணைக்கச் சொல்லும் பாலிசியை நான் முதல் இடத்தில் வைப்பேன். மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ராவின் அடையாளத்தோடு வருபவர் மட்டும் நுழையட்டும்.

கூகுளின் மெசேஜ் சேவையான பப்சப்பில் மெசேஜ் எந்த ரீஜனில் தங்கலாம் என்று டாபிக்கிலேயே சொல்லலாம், ஆர்கனைசேஷன் பாலிசியாலும் கட்டலாம். மும்பை, டெல்லி இரண்டும் உண்டு. 31 நாள் சும்மா கிடக்கும் சந்தா இயல்பாகவே காலாவதியாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் வேலைகளுக்கு அது சிக்கல்.

செலவு எவ்வளவு ஆகும்?

சின்ன டீமுக்குப் பெரிதாக ஆகாது. கான்ஃபிக் தொடர் பதிவில் ஒரு மாற்றத்தைக் குறிக்க 0.003 டாலர், ஒரு ரூல் ஒருமுறை சோதிக்க 0.001 டாலர். மாதம் 500 மாற்றம், மாற்றத்துக்குப் பத்து ரூல் என்றாலும் ஆறரை டாலர்தான். சொந்த கே.எம்.எஸ். சாவி ஒன்றுக்கு மாதம் 1 டாலர், பயன்பாட்டுக்கு மேற்கொண்டு கொஞ்சம்.

பார்த்துச் செலவழிக்க வேண்டியது டேட்டா ஈவெண்ட் பதிவு: ஒரு லட்சம் ஈவெண்டுக்கு 0.10 டாலர். குறைவாகத் தெரியும். ஆனால் கியூவை இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் புரோகிராமின் ஒவ்வொரு கேள்வியும், மெசேஜ் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பியதும்கூட, பதிவாகும். அதனால் பதிவை இயக்கும் முன் லாங் போலிங்கை (மெசேஜ் வரும்வரை காத்திருந்து பதில் தரும் முறை) அதிகபட்சமான 20 நொடிக்கு வையுங்கள். சும்மா கிடக்கும் கியூவில் ஒரு புரோகிராம் நிமிடத்துக்கு மூன்று முறைதான் கேட்கும். மாதத்துக்குச் சுமார் 1,30,000 ஈவெண்ட், பதிமூன்று சென்ட்.